பருமலில் ஒரு கீறல்

மகனே,

கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இந்த ஓலைகள் இருப்பதைக் கண்டதும் அங்கேயே நின்று பிரித்துவிடாதே. உன் மாமன் எங்கே இருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள். பிறகு தண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்கப் போகிறவன் போலக் கீழ்த்தட்டுக்கு இறங்கி, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி. நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தாகக் கீறியிருப்பதாக உன் தங்கை சொல்கிறாள். அவள் காதோடு சொல்வது நான், எழுதுவது அவள். நான் சொல்வதில் ஒன்றையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான். உன் மாமன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் உன் அத்தை படுத்திருக்கிறாள். எழுத்தாணி ஓலையில் கீறும் சத்தம் பகலில் யார் காதிலும் விழாது, ஊர் அடங்கிய இந்த நேரத்தில் எலி கொறிப்பது போலக் கேட்கிறது. அத்தை இருமினால் இவள் கை நின்றுவிடுகிறது. விளக்கைப் பானைக்குள் வைத்திருக்கிறோம். கப்பல் ஆட்களின் மனதைக் கலைக்கிறவர்களை ஒல்லாந்தர் கோட்டையில் கட்டி வைத்து அடிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"இது கலைக்கறதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. உங்க அண்ணன் உசுரோட திரும்பி வர்றதுக்கு வழி சொல்றேன்."

"அதுக்கு ஏன் வெளக்கப் பானைக்குள்ள வெச்சிக்கினு எழுதணும்?"

அரிசி கொடுக்கிறார்கள் என்று இவளைக் கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். எழுத்தை விடக் கேள்வி கேட்க நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படித்துக்கொள். இந்த ஓலை உன் கைக்கு வந்த மறுநாள் விடிந்ததும் உங்கள் யாட்டுக் கப்பல் பாய் விரித்து மசூலிப்பட்டணத்துக்குக் கிளம்புகிறது. அதற்குள் பருமலில் இருக்கும் கீறலைப் பற்றி நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். தனியாக அல்ல, காதோடு காதாகவும் அல்ல. தட்டில் நிற்கும் எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். வேகமாக ஓடுவதற்கென்றே ஒல்லாந்தர் கட்டிய கப்பல் அது என்று உன் மாமன் பெருமையாகச் சொல்வார். வேகமாக ஓட வேண்டும் என்றால் பாய் பெரிசு, ஆள் குறைவு. காற்று முற்றும்போது அந்தப் பாயைச் சுருட்ட நீங்கள் நால்வர்தான் மேலே ஏறுகிறீர்கள். பாயைத் தாங்கும் அந்தக் குறுக்கு மரத்தின் மேல், அந்தப் பருமலின் மேல், வயிற்றை வைத்துக் கவிழ்ந்து இரண்டு கையாலும் பாயை இழுக்கிறீர்கள். அது முறிந்தால் பிடித்துக்கொள்ள உங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

முந்தாநாள் நீ கரைக்கு வந்தபோது நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். அன்று நீ பேசிய நாலு வார்த்தையில் கீறலைப் பற்றியதும் ஒன்று. நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே, ஊரில் மழை பெய்ததா என்று கேட்பவன் போலச் சொன்னாய்.

"பருமல்ல ஒரு கீறல் இருக்குதும்மா. போன தடவ நகம்தான் உள்ள போச்சு. இப்ப சுண்டு வெரலு போவுது."

"மாமங்கிட்ட சொன்னியா?"

"மாமனுக்குத் தெரியும். அவருதான் கயிறு சுத்தி தாரு பூசி வெச்சிருக்காரு."

"கப்பித்தானுக்கு?"

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றாய். நானும் ஊற்றினேன். நீ கிளம்பிப் போன பிறகு சாயங்காலம் விறகு பிளந்தேன். கட்டையில் கோடாலி முதல் வெட்டுப் போட்டதும் எனக்கு என்னவோ தோன்றியது. அந்த வெட்டுக்குள் என் சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். முக்கால் விரல் போயிற்று. கோடாலியைக் கூட ஓங்கவில்லை, பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். கட்டை இரண்டாக விழுந்தது.

நேற்று உன் மாமன் உப்பும் புளியும் எடுத்துப் போகத் தன் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் என் கூடப் பிறந்தவர், கப்பலில் நம் ஆட்களுக்கெல்லாம் தலைவரான தண்டல், நான் கேட்டால் பதில் சொல்வார் என்று நினைத்துக் கேட்டேன்.

"அண்ணே, பருமல் கீறிக்கினு கீதாமே."

தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை இருக்கிறாளா என்று பார்த்தார். "யாரு சொன்னது, ஒம் புள்ளையா?"

"நான் கேக்கறேன்."

"இன்னா தங்கச்சி, கப்பல் சங்கதி ஒனக்கு எதுக்கு? நான் கட்டின கட்டு அது. யானையக் கட்டலாம்."

"யானையவா கட்டப் போறீங்க? நாலு பேரு மேல ஏறுறாங்க அண்ணே."

அதற்கு அவர் சிரிக்கக் கூட இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "மசூலிப்பட்டணம் போயி நல்ல மரமா மாத்திக்கலாம். அஞ்சாறு நாளுதான், காத்தும் நல்லாகீது. மரமெல்லாம் பாத்தியானு கப்பித்தான் கேட்டப்ப எல்லாம் நல்லாகீதுனு சொல்லிட்டேன். அப்ப அது மயிரு மாதிரி ஒரு கோடு. இப்ப போயி மாத்திச் சொன்னா, கெழவனுக்குக் கண்ணு போச்சினு எறக்கி உட்டுடுவாங்க. நான் எறங்கினா நம்மூரு ஆளு பன்னெண்டு பேரும் எறங்கணும். வேற ஊருக்காரன் ஏறுவான். அது ஒனக்குச் சம்மதமா?"

போகிறவர் வாசலில் நின்று திரும்பி, "தை மாசம் எம் பொண்ணு கன்னியம்மாவ ஒம் புள்ளைக்குக் குடுக்கறதாப் பேசிக்கினு கீறோம். அதையும் நெனப்புல வெச்சிக்க" என்றார். மிரட்டியது போலத்தான் இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பயந்தவன் முகம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வீட்டு அடுப்பும் தன் ஒரு வார்த்தையில் எரிகிறது என்று நினைத்துப் பயப்படுகிறார்.

கப்பித்தானிடம் சொல்லாமல் ஏன் இருக்கிறாய் என்று உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. உன் வாயைப் பூட்டியவள் நான். அதைச் சொல்லத்தான் இத்தனை ஓலை. கப்பலில் உன்னோடு மேலே ஏறும் முனுசாமி போன மாதம் உன்னோடு சாப்பிட வந்தானே, ஆரம்பாக்கத்தான், அவன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "ஆத்தா, ஒங்க புள்ள தானா வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசினா நான் கோயிலுக்கு நூறு தேங்கா ஒடைக்கறேன். நூறு தேங்காய்க்கு நான் எங்க போவேன்னு கவலையே கெடையாது. அவன் பேசமாட்டான்." எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நம் ஏரியில் மடவை மீனுக்கு வலை வளைக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாதது அல்ல. ஒரு குரல் கேட்டால் போதும், மடவை துள்ளி வலையைத் தாண்டிப் போய்விடும். அதனால் கையைத்தான் அசைப்போம். சத்தம் போட்டவன் வீட்டுக்கு அன்றைக்குப் பங்கு கிடையாது. உனக்கு எட்டு வயதில் முதல் தடவையாக உன்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனோம். உன் நைனா இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நடந்துகொண்டிருந்தார். நீ படகின் முன்முனையில் உட்கார்ந்திருந்தாய். திடீரென்று "நைனா, காலு" என்று கத்தினாய். அவர் பொசுக்கென்று காலைத் தூக்கினார். அவர் கால் இருந்த இடத்திலிருந்து ஒரு திருக்கை சேற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. மடவையும் போயிற்று. ஆறு வீட்டு உழைப்பு ஒரு நொடியில் வலையைத் தாண்டிக் குதித்து ஓடியது. யாரும் உன்னைத் திட்டவில்லை. நமக்கு அன்று பங்கு இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி உன் வாயில் ஊற்றி, கரை சேரும் வரை விழுங்கவும் கூடாது துப்பவும் கூடாது என்றேன். உப்புத் தண்ணீர். கன்னம் இரண்டும் உப்பிப்போய், கண்ணில் நீர் வழிய, நீ மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தாய். உன் நைனா, "விடுடி, புள்ள எங்காலக் காப்பாத்திக் குடுத்தான்" என்றார். நான் விடவில்லை. அடுத்த நாள் உன் அத்தை, "நல்லாப் போட்டடி பூட்டு" என்று சிரித்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நீ தண்ணீரில் சத்தம் போட்டதே இல்லை. என் பிள்ளையை எப்படிப் பழக்கியிருக்கிறேன் பார் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது சொல்லப் போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குப் பத்து வயது. அதே மடவை வலை. வலை பாதி வளைந்திருந்தது. நான் படகின் நடுவில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றேன். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். உன் வாய் திறந்திருந்தது. நீ இருமப் போகிறாய் என்று நினைத்தேன். உதட்டில் விரலை வைத்து முறைத்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய். அடுத்த நொடி உன் நைனா அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தார். திருக்கை தன் வால் முள்ளால் கொட்டிவிட்டது. மகனே, அவரும் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தபடியே வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலை மூடிய பிறகுதான் அவரைத் தூக்கினோம். அன்றைக்கு மீன் நிறைய. எப்பேர்ப்பட்ட ஆள் என்று எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

பிள்ளை பார்க்கவில்லை என்று ஊரில் எல்லாருக்கும் சொன்னேன். நீயும் அப்படியே சொன்னாய். நீ பார்த்தாய். எனக்குத் தெரியும். கத்தலாமா என்று என்னைக் கேட்டாய், வேண்டாம் என்று நான் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்தப் பாவத்தை நீ உன்னுடையது என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தால், இன்றைக்கு அதை இறக்கி வைத்துவிடு. அது என்னுடையது.

இந்த இடத்தில் உன் தங்கை எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை, அவளுக்கு எதுவும் தெரியாது. "அண்ணன் பாத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ வேணாம்னு சொன்னியா?" ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. இவள் எழுந்து போய்விடுவாள், இந்தக் கடிதம் இதோடு நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தானாகவே எழுத்தாணியை எடுத்து, "சொல்லு, அப்பறம் இன்னா எழுதணும்" என்றாள். இதையும் எழுது என்று சொன்னேன். எழுதியிருக்கிறாள்.

உன் மாமனைப் பற்றியும் நான் நியாயமாகப் பேச வேண்டும். அந்தப் பதினோரு நாளில் உன் நைனாவை முதுகில் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை கோட்டை வைத்தியரிடம் போனவர் அவர். நைனா போன பிறகு நம் மூன்று பேருக்கும் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்டதும் அவர்தான். நன்றி கெட்டவன் என்று ஊர் சொல்லுமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது, பொய் சொல்ல மாட்டேன். கன்னியம்மா நல்ல பெண். நீ வந்தால் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் வளையல் சத்தம் கூடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் முனுசாமிக்கு இரண்டு பெண் குழந்தைகள். பருமலில் உனக்கு வலப்பக்கம் அவன்தானே கவிழ்கிறான்? கீறல் அவன் பக்கமா, உன் பக்கமா என்று நான் கேட்க மறந்துவிட்டேன். எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான் என்று பிறகு புரிந்தது.

கப்பலில் வேலை செய்கிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். நான் ஏறியதில்லை. ஆனால் இரண்டு வருஷமாக நீ ஒவ்வொரு தடவை இறங்கி வரும்போதும் உன்னைப் பார்க்கிறேன். முதல் நடை போய்விட்டு வந்தபோது இரண்டு நாள் விடாமல் தூங்கினாய். ஏன் என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றாய். முனுசாமிதான் சொன்னான், மற்றவர்களின் இராக்காவலையும் நீயே பார்க்கிறாய் என்று. ஏரியில் நாம் அப்படித்தான் செய்வோம். ஒருவன் முறைக்கு அவனால் வர முடியாவிட்டால் இன்னொருவன் போவான், அடுத்த முறை அவன் இவனுக்காகப் போவான், ஊரே அதற்குச் சாட்சி. கப்பலில் உனக்குச் சாட்சி யார்? கொடுத்த தூக்கம் திரும்பி வராது. உன் காவல் முடிந்தால் படுத்துத் தூங்கு. தூக்கம் இல்லாதவன் கை கயிற்றைப் பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. அலுப்புக்கு என்று சாராயம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல், மேலே ஏற வேண்டிய நாளில் கட்டாயம் சொல்.

போன தடவை காய்ச்சலோடு மேலே ஏறினாயாமே. "பருமல் சூடா கீதேனு பாக்கறேன் ஆத்தா, மரம் இல்ல, இவன் ஒடம்பு" என்று முனுசாமி சிரித்துக்கொண்டு சொன்னான். நான் சிரிக்கவில்லை. உடம்பு முடியாதபோது முடியவில்லை என்று சொல்வதில் என்ன மானம் போகிறது? நீ மயங்கி விழுந்தால் உன்னோடு இன்னொருவனும் விழுவான். சாப்பாட்டு வேளையில் கடைசியாகப் போய் நிற்காதே. ஈறு வீங்கினால் மறைக்காதே. வீட்டு நினைப்பு வந்து நெஞ்சை அடைத்தால் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதே, முனுசாமியிடம் போய்ச் சொல். கேலி செய்வான். செய்யட்டும். கேலி செய்துவிட்டு உன் பக்கத்திலேயே உட்காருவான், அப்படிப்பட்டவன் அவன்.

ஒல்லாந்தர் எதற்கெடுத்தாலும் கத்துகிறார்கள் என்று உன் மாமன் முன்பு நடித்துக் காட்டுவார். கயிற்றை இழு என்றால் ஒரு கத்தல், விடு என்றால் ஒரு கத்தல், சோறு வெந்துவிட்டது என்றால் அதற்கும் ஒரு கத்தல். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம், மீன் பிடிக்கத் தெரியாத ஜனங்கள் என்று. இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் கை தெரியாது, இருட்டில் ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது. அங்கே குரலும் கயிறு மாதிரி ஒரு வேலைச் சாமான். நம் ஆட்கள் பன்னிரண்டு பேரும் ஏரியில் மூடிய வாயோடு கடலுக்குப் போயிருக்கிறீர்கள். பருமலைத் தொட்ட நால்வருக்கும் கீறல் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள். யாரோ உதட்டில் விரலை வைத்துவிட்டது போல.

அதனால் நான் சொல்லும்படி செய். முதலில் கப்பித்தானிடம் ஓடாதே. நேராக மாமனிடம் போ. ஆனால் அவர் தனியாக இருக்கும் நேரம் பார்க்காதே, எல்லாரும் தட்டில் கூடி நிற்கும் நேரம் பார். "மாமா, பருமல்ல கீறல் பெருசாயிடுச்சி, வெரலு போவுது. நான் மேல ஏற மாட்டேன், நீங்க வந்து பாருங்க" என்று உரக்கச் சொல். மயிர் போல இருந்தபோதே நீங்கள் பார்த்தீர்கள் என்று சொல்லாதே. மறைத்தீர்கள் என்று சொல்லாதே. இப்போதுதான் பெரிதாயிற்று என்று மட்டும் சொல், அது பொய்யும் இல்லை. அவர் கப்பித்தானிடம் தன் காலால் நடந்துபோய்த் தன் வாயால் சொல்வதற்கு ஒரு வழி விட்டு வை. அவர் பயப்படுவது அந்தப் பழைய வார்த்தைக்குத்தான். புதிதாக ஒரு வார்த்தை கிடைத்தால் பிடித்துக்கொள்வார் என்று நம்புகிறேன், அவர் என் அண்ணன். முனுசாமியை முன்னாடியே பக்கத்தில் நிறுத்திக்கொள். அவனும் ஏற மாட்டேன் என்று சொன்னால் மற்ற இருவருக்கும் வாய் வரும். மாமன் உன்னை எல்லார் முன்னாலும் அறைந்தால் வாங்கிக்கொள். திருப்பிப் பேசாதே, ஏறவும் ஏறாதே. அதற்குப் பிறகும் அவர் அசையாவிட்டால் நீயே கப்பித்தானிடம் போ. பாஷை தெரியாவிட்டால் என்ன, அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

இதனால் என்னவெல்லாம் போகும் என்று நான் யோசிக்காமல் இல்லை. கல்யாணம் போகலாம். உன் வேலை போகலாம், பன்னிரண்டு பேர் வேலையும் போகலாம். நாளையிலிருந்து நான் தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போவார்கள். அத்தை இந்தத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என்னென்ன பேசுவாள் என்று இப்போதே எனக்குக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தேன். இன்னொரு பக்கம் நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறது. அன்றைக்கு உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். கத்து.

நீ இதைப் படித்துவிட்டும் சும்மா இருந்துவிடுவாயோ என்ற பயம் எனக்கு உண்டு. நான் போட்ட பூட்டு அவ்வளவு லேசில் திறக்காது. அதனால் இதையும் கேட்டுக்கொள். நாளை கோவிந்தனின் தண்ணீர்ப் படகு காலையில் ஒரு நடையும் மத்தியானம் ஒரு நடையும் உங்கள் கப்பலுக்கு வரும். காலை நடையில் இந்தப் பொட்டலம் வருகிறது. மத்தியான நடையில் நான் வருகிறேன். கோவிந்தனிடம் சாயங்காலமே பேசிவிட்டேன்.

"பொம்பள இன்னாத்துக்கு அலையத் தாண்டி வரணும்? கவுந்தா ஒன்ன யாரு புடிச்சிக்கினு இருப்பாங்க?" என்றான்.

"என்ன நானே புடிச்சிக்குவேன். நீ துடுப்பப் புடி" என்றேன்.

"அப்பிடி இன்னா அவசரம் ஒனக்கு, புள்ளதான் மசூலிப்பட்டணம் போயி வரப் போறானே?"

"வரணும்னுதான் வர்றேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

கிளம்புவதற்கு முன்னால் அத்தையிடம் போய், ஓலை அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். அவள் ஊரைக் கூட்டுவதற்குள் நான் படகில் இருப்பேன். உன் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவேன், அங்கே போய் இது உன் கையெழுத்தா என்று யாரும் அவளிடம் கேட்க மாட்டார்கள். கப்பலில் என்னை ஏற விட மாட்டார்கள். பரவாயில்லை. பீப்பாய்களை மேலே தூக்கி முடிக்கும் வரை படகு உங்கள் கப்பலை ஒட்டித்தான் நிற்கும். எனக்கு அந்த நேரம் போதும். அலையைத் தாண்டியதிலிருந்தே என் கண் உன் பாய்மரத்தின் மேல்தான் இருக்கும். அதில் பருமலைக் கழற்றி இறக்கியிருந்து மரம் மொட்டையாக நின்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். காலிப் பீப்பாய்களோடு உட்கார்ந்து அப்படியே கரைக்குத் திரும்பிவிடுவேன். நீ எட்டிப் பார்க்கக் கூட வேண்டாம்.

பருமல் மேலேயே இருந்தால், கடைசிப் பீப்பாய் ஏறும்போது படகில் எழுந்து நிற்பேன். மேலே கையைக் காட்டிக் கத்துவேன். உன் மாமன் முன்னால், நம்மூர் ஆட்கள் முன்னால், கப்பித்தான் வந்து எட்டிப் பார்க்கும் வரை கத்துவேன். தண்ணீரின் மேல் நான் இதுவரை ஒரு தடவை கூடச் சத்தம் போட்டதில்லை. குரல் எப்படி வரும் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு முன்னால் உன் குரல் வந்துவிட்டால் நல்லது.

உன் அம்மா